சிவப்பை அழிக்கப் புனே போனேன்

புனேயில் நான் முதலில் பார்த்த தெரிந்த முகம் என்னுடையதுதான். அதுவும் லதா வீட்டு அடுப்படியில், ஒரு டப்பாவின் முதுகில்.

லதா என் சித்தி மகள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கோர்படி ரயில்வே குடியிருப்பில் இருக்கிறாள். காலை வண்டியில் இறங்கி, குளித்து, போஹே என்று அவள் தட்டில் வைத்த அவல் உப்புமாவை ஒரு வாய் போட்டிருப்பேன். அலமாரியிலிருந்து முருங்கைத் தழைப் பொடி டப்பாவை எடுத்து, அதன் பின்பக்கத்து கியூஆர் கட்டத்துக்கு நேராகப் போனைக் காட்டி, “அக்கா, ஒரு கம்மத் பாரு” என்றாள். கம்மத் என்றால் இங்கே வேடிக்கையாம். திரையில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். கீழே இங்கிலீஷில் நாலு வரி. மண் என் தாய், ஒவ்வோர் இலையையும் அன்போடு கிள்ளுகிறேன் என்று நான் சொன்னதாகப் போட்டிருக்கிறது. நான் எங்கே சொன்னேன்? முருங்கைத் தழையை யாராவது கிள்ளுவார்களா? கொப்போடு ஒடித்து, நிழலில் காயப்போட்டு உருவுவோம். போஹேயில் கிடந்த வேர்க்கடலை எனக்குத் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

என் முகத்தைச் சுற்றிப் பச்சை வட்டம் இருந்தது. பச்சை என்றால் நம்பலாம் என்று அர்த்தம். நான் புனேவுக்கு வந்ததே எங்கள் ஊர் ராசாத்தியின் முகத்தைச் சுற்றியிருக்கும் சிவப்பு வட்டத்தை அழிக்கத்தான்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அரவக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊரில் முருங்கை போட்டிருக்கும் பெண்கள் முப்பத்தெட்டுப் பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். நான்தான் தலைவி. காய்ந்த தழையைப் புனேயை அடுத்த ரஞ்சன்காவில் இருக்கும் ஒரு பொடித் தொழிற்சாலை வாங்குகிறது. எந்தத் தழை யார் தோட்டத்தது, மருந்து அடித்ததா அடிக்காததா என்று காட்டும் செயலியைப் புனேயிலேயே, பிம்ப்ரியில் இன்னொரு கம்பெனி நடத்துகிறது. நாலு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் ராசாத்தியின் முகம் சிவப்பாகிவிட்டது. அவள் தழையில் பூச்சி மருந்து இருந்ததாம். அவள் கோயில் வாசலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தாள். செயலியே சொல்கிறதே என்றோம். சிவப்பானவர்களைக் குழுவை விட்டு நீக்குவது என்று ஒரு விதி வைத்திருந்தோம். தீர்மானம் போட்டோம். முதல் கையெழுத்து என்னுடையது.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ராசாத்தி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்குகிறவள். யாரோ அந்தச் சிவப்பு முகத்தைப் படமெடுத்து ஊர் வாட்ஸப்பில் போட்டுவிட, விஷம் விற்றவள் கையால் எங்கள் பிள்ளைகள் தின்பதா என்று தாய்மார்கள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்கள். இப்போது அவளை ஆக்க விடுவதில்லை. பாத்திரம் மட்டும் கழுவுகிறாள்.

போன மாதம் எங்கள் தண்ணித் தொட்டி மேட்டில் மிளகாய்த் தோட்டம் வைத்திருப்பவர் பேச்சுவாக்கில் ஒன்று கேட்டார். கம்பெனி ஆள் ஒருத்தன் வந்து என் வேலி முருங்கையில் தழை ஒடித்துக்கொண்டு போனானே, என்னத்துக்கு என்றார். எனக்கு உடனே விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் தோட்டங்களெல்லாம் பள்ளத்தில் இருக்கின்றன. அங்கே சிக்னல் எடுக்காது. போன் பேச வேண்டுமென்றால் ஊரே தொட்டி மேட்டுக்குத்தான் ஏறும். செயலியில் பேர் சேர்த்தபோது அவரவர் தோட்டத்தில் நின்று இடத்தைக் குறிக்கச் சொன்னார்கள். தோட்டத்தில் நின்றால் போன் சுற்றிக்கொண்டே இருந்தது. வந்திருந்த ஆளோ, எங்கே எடுக்கிறதோ அங்கே நின்று குறியுங்கள் என்றார். முப்பத்தெட்டுப் பேரும் ஒரே காலையில் தொட்டி மேட்டில் வரிசையாக நின்று குறித்தோம்.

அப்புறம் தழை மாதிரி எடுக்க வந்தவன் போனில் தெரிந்த புள்ளியைப் பிடித்துக்கொண்டு நேராகத் தொட்டி மேட்டுக்குப் போயிருக்கிறான். எதிரே முருங்கை நிற்கிறது, ஒடித்துக்கொண்டான். மிளகாய்க்கு அடித்த மருந்து வேலி முருங்கையில் படியாமல் வேறெங்கே போகும்? யாரிடம் மாதிரி எடுப்பது என்ற குலுக்கலில் ராசாத்தி பேர் வந்திருக்கிறது, அவ்வளவுதான். என் பேர் வந்திருந்தால் நான் சிவப்பு.

செயலியிலேயே புகார் எழுதினேன். அன்பான விவசாயத் தோழரே, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று பதில் வந்தது. ஆறு தடவை எழுதினேன். ஆறு தடவையும் தீர்த்தார்கள். சிவப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஏழாவது தடவை எழுதுவதற்குப் பதில் பெட்டியைக் கட்டினேன்.

போஹே தட்டைக் கழுவி வைத்ததும் பிம்ப்ரிக்குக் கிளம்பலாம் என்றேன். லதா லீவு போட்டிருந்தாள். எனக்கு இந்தி அரைகுறை, மராட்டி சுத்தம். அவளுக்கு எல்லாமே போன்தான். கொத்தமல்லி முதற்கொண்டு போனில் தட்டினால் பத்து நிமிஷத்தில் வாசலுக்கு வந்துவிடுகிறது. தெருமுனையில் ஒரு அம்மாள் பச்சைப்பசேலென்று கீரை விரித்து வைத்திருக்கிறாளே என்று கேட்டேன்.

“அந்த பாஜிவாலிகிட்ட பரோசா இல்லக்கா. இதுல எல்லாம் ட்ராக் ஆகும். எங்கேர்ந்து வந்துச்சு, யாரு போட்டாங்க, சகள தெரியும்” என்றாள்.

பரோசா என்றால் நம்பிக்கை, சகள என்றால் எல்லாம். மண் என் தாய் என்று நான் சொன்னதைப் போலவே எல்லாம் தெரியும்தான் போலிருக்கிறது. வாயில் நன்றாக வந்தது. வந்த முதல் நாளே சண்டை வேண்டாம் என்று விழுங்கிக்கொண்டேன்.

போனில் கார் வரவழைத்தாள். கோர்படி ரயில்வே கேட்டில் இருபது நிமிஷம் நின்றோம். எங்கள் ஊரில் கேட் போட்டால் ஆட்கள் இறங்கி நாலு வார்த்தை பேசுவார்கள். இங்கே ஸ்கூட்டரில் இருக்கும் பெண்கள் முகத்தைத் துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டு, கண்ணை மட்டும் காட்டி, கேட் திறப்பதற்கு முன்பே முறுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். மழை வேறு பிடித்துக்கொண்டது.

பிம்ப்ரியில் அந்தக் கம்பெனியின் பலகை இடது பக்கம் பெரிதாகத் தெரிந்தது. நான் கையைக் காட்டினேன். லதாவும் சொன்னாள். டிரைவர் நிறுத்தவில்லை. போனில் புள்ளி இன்னும் முன்னால் இருக்கிறதாம். ஒரு சுற்றுச் சுற்றி, ஏதோ இரும்புப் பட்டறையின் பின்வாசலில் சேற்றில் இறக்கிவிட்டார். கண்ணெதிரே பலகை இருந்ததே என்று லதா சத்தம் போட்டாள். அவர் நிதானமாக ஒரு பதில் சொன்னார், அதை அவள் எனக்குத் தமிழில் சொன்னாள்: நான் வண்டி ஓட்டுகிறவன், இடம் சொல்வது போன், போனைக் கேளுங்கள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. தழை ஒடித்த அந்தப் பயலும் இப்படித்தானே நின்றிருப்பான்?

சேற்றுக் காலோடு உள்ளே போனோம். சுவர் முழுக்க விவசாயிகளின் படங்கள். எல்லோரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். நம்பிக்கையை விளைவிக்கிறோம் என்று ஆளுயர எழுத்தில் எழுதியிருப்பதாக லதா படித்துச் சொன்னாள். வரவேற்பில் இருந்த பெண் முதலில் கேட்டது டிக்கெட் நம்பர். சினிமாவுக்கா வந்திருக்கிறோம் என்றேன். புகாருக்கு ஒரு நம்பர் உண்டாம். ஆறு நம்பரையும் கொடுத்தேன். ஆறுமே முடிந்துபோனவை என்றாள். முடிந்துபோயிருந்தால் நான் ஏன் இவ்வளவு தூரம் வருகிறேன் என்று லதாவைக் கேட்கச் சொன்னேன். லதா எனக்காக வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டாள்.

உள்ளேயிருந்து ஒருத்தி வந்து பவ்யமாக விளக்கினாள். சோதனை செய்வது தழையை வாங்குகிற தொழிற்சாலை. அவர்கள் அனுப்பும் முடிவை இவர்கள் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். நிறத்தை மாற்ற வேண்டுமென்றால் ரஞ்சன்காவ் போகவேண்டும். சிரித்த முகத்தோடு கைகழுவி விட்டாள். தண்ணீர் பாட்டில் ஒன்று கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வெளியே ஒரு கடையில் மிசல் சாப்பிட்டோம். முளைகட்டிய பயறு, மேலே காராபூந்தி மாதிரி ஒன்று, அதன்மேல் சிவப்பாக எண்ணெய் மிதக்கும் குழம்பு, தொட்டுக்கொள்ளப் பன். எங்கள் பக்கத்துக் காரம் நாக்கில் நின்றுவிடும். இது காது வரைக்கும் போனது. மூக்கு ஒழுக ஒழுக இரண்டாவது தட்டும் சாப்பிட்டேன். கோபத்தில் இருக்கும்போது எனக்குப் பசி அதிகம்.

மறுநாள் சனிக்கிழமை. ரஞ்சன்காவுக்குச் சிவப்புநிற அரசாங்க பஸ். அங்கே ஒரு கணபதி கோயில் பிரசித்தம் என்பதால் பஸ்ஸில் பாதிப்பேர் தேங்காயும் அருகம்புல்லுமாக இருந்தார்கள். மீதிப்பேர் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள். வழியில் டயர் போய்விட்டது. கண்டக்டர் எல்லோரையும் இறக்கிவிட்டு, டயர் தேய்ந்திருந்தது எனக்குத் தெரியும், காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும், என் தப்பு என்று பயணிகளிடம் சொன்னாராம். லதா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அவரைப் போய்க் கும்பிட்டுவிட்டு வரலாமா என்று நினைத்தேன். இரண்டு நாளில் என் தப்பு என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

தொழிற்சாலையில் தர அதிகாரி ஜாதவ் என்பவரைப் பார்த்தோம். நரைத்த மீசை, தலையில் வலைத்தொப்பி, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற வழக்கம். ராசாத்தி பேரைச் சொன்னேன். அவருக்குப் பேர் தெரியாது, நம்பர்தான். தேடி எடுத்தார். சோதனை சரியாகத்தான் நடந்திருக்கிறது, தழையில் மருந்து இருந்தது உண்மை, சந்தேகமே இல்லை என்றார். நானும் இல்லை என்று சொல்லவில்லையே? மருந்து இருந்தது, தழைதான் அவளுடையது இல்லை என்றேன்.

அவர் மறுபடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். பிறகு, மாதிரி எடுப்பவர்கள் அந்த இடத்தில் ஒரு போட்டோவும் எடுத்து அனுப்ப வேண்டும், அதைப் பார்ப்போம் என்றார். இதற்கு முன்னால் யாராவது பார்த்தீர்களா என்று கேட்டேன். போட்டோ வந்ததா என்றுதான் பார்ப்போம், போட்டோவில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை என்றார். அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை, அதுவரைக்கும் நல்லவர்.

போட்டோவைத் திறந்தார். பிளாஸ்டிக் பையில் தழை. பின்னால் மிளகாய்ச் செடிகள், பழுத்துச் சிவந்து கிடக்கின்றன. அதற்கும் பின்னால் எங்கள் தண்ணித் தொட்டியின் கால். அதில் ‘மழைநீர் சேகரிப்போம்’ என்று பஞ்சாயத்தில் எழுதிவைத்த நீல எழுத்து. நாலு மாதமாக ராசாத்தி கற்பூரம் அணைத்தும் கண்ணீர் விட்டும் நிரூபிக்க முடியாதது இங்கே ஒரு கம்ப்யூட்டருக்குள் சும்மா கிடந்திருக்கிறது. பதறிப் போனேன். மேஜையைத் தட்டிவிட்டேன் என்றும் நினைக்கிறேன். லதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜாதவ் அந்தப் படத்தை அச்செடுத்துக் கொடுத்தார். நிறத்தை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லையாம். புள்ளி தப்பு என்றால் அது பிம்ப்ரிக்காரர்கள் பொறுப்பு. மறுபடியும் பிம்ப்ரி.

தொழிற்பேட்டை ஓரமாக ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். ஜோவார் என்கிற சோள ரொட்டி, வெங்காயம், கூடவே ஒரு குழம்பு. கரண்டியில் முருங்கைக்காய் ஏறி வந்தது. தேங்காயும் புளியும் போட்ட பருப்பில், எங்கள் கையளவு துண்டு. அந்த வெறுப்பிலும் ருசியாக இருந்தது. காய் யாருடையது என்று கடைக்காரம்மாளிடம் கேட்கச் சொன்னேன். இரண்டு தெரு தள்ளி ஒருத்தர் கொண்டுவருவதாகச் சொன்னாள். நல்லதுதான் கொடுக்கிறார் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். போன வருஷம் ஒருதரம் கசந்தது, சட்டியோடு தூக்கிக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் வைத்தேன், அவரே உட்கார்ந்து தின்று பார்த்தார் என்றாள். லதா இதை மொழிபெயர்த்துவிட்டு வெகுநேரம் போனைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிம்ப்ரியில் விடுமுறை. லதா என்னைச் சும்மா இருக்க விடாமல் டவுனுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பாக்கர்வடி என்கிற காரச் சுருள் வாங்க ஒரு பழைய கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று ஐந்து. கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கியிருந்தார். ஒன்றிலிருந்து நாலு வரை அவர் தூங்க வேண்டுமாம். ஊரிலிருந்து விருந்தாளி வந்திருக்கிறார் என்று லதா கெஞ்சினாள். நாலு மணிக்கு விருந்தாளியையும் கூட்டிக்கொண்டு வா என்றார். எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று. இல்லை என்பதைத் தன் வாயாலேயே சொன்னாரே.

திங்கட்கிழமை மெட்ரோவில் போய் இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்து, அந்தப் பலகைக்கு நேராகவே உள்ளே நுழைந்தோம். அதே பெண் டிக்கெட் நம்பர் கேட்டாள். நான் பதில் சொல்லாமல் சோபாவில் உட்கார்ந்து, அச்செடுத்த போட்டோவை மடியில் வைத்துக்கொண்டேன். இன்றைக்கு ஒருத்தர் வந்து பேசாமல் நான் எழுந்திருக்கப் போவதில்லை என்று லதாவைச் சொல்லச் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் போயிற்று.

கடைசியில் வந்தவர் பேர் கார்த்திகேயன். முப்பத்தைந்து வயதிருக்கும், செயலியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருக்கிறவர். “எந்த ஊருங்கம்மா?” என்றார். கோயமுத்தூர்க்காரராம். இத்தனை நாள் கழித்து நம் பேச்சைக் கேட்டதும் எனக்குக் கோபம் குறைந்திருக்க வேண்டும். இரண்டு மடங்காகிவிட்டது. சொல்ல வேண்டியதையெல்லாம் இனித் தமிழிலேயே சொல்லலாம் அல்லவா?

போட்டோவைக் கொடுத்து, தொட்டி மேட்டுக் கதையை முழுக்கச் சொன்னேன். லேப்டாப்பைத் திறந்து எதையோ தேடினார். முகம் சுருங்கியது. பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். முப்பத்தெட்டுப் பேர், ஒரே காலை, ஒரே இடம், பதிவு செய்த போன் ஒன்றுதான்.

“இது உங்க நம்பருங்களா?” என்றார்.

என் நம்பர்தான். மற்றவர்களிடம் நல்ல போன் இல்லை. நான்தான் எல்லோரையும் மேட்டுக்கு வரச்சொல்லி, என் போனிலேயே சேர்த்துவிட்டேன். ஒவ்வொரு பேருக்கும் கீழே ஒரு சின்னக் கட்டம், அதில் ஒரு டிக். தோட்டத்தை நேரில் பார்த்தேன், இந்த இடம் சரியானது என்று உறுதி சொல்கிற கட்டமாம் அது. முப்பத்தெட்டு டிக்கும் என் விரலால் விழுந்தவை.

“அது இங்கிலீஷுல இருந்துச்சு. உங்க ஆளு அழுத்துங்கம்மான்னாரு, அழுத்துனேன்” என்றேன்.

அவர் எங்கள் ஆள் இல்லை, ஒரு ஏஜென்சி என்றார் கார்த்திகேயன். தழை எடுத்தவன்? அது வேறு ஏஜென்சி. சோதித்தது? தொழிற்சாலை சொல்லி ஒரு லேப். வட்டத்துக்குச் சிவப்பு அடித்தது? அது தானாக ஆகிறது. கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை பேர் சேர்ந்து ஒருத்தியை விஷக்காரி ஆக்கியிருக்கிறீர்கள், அதில் ஒருத்தர்கூடச் செய்யவில்லையா? முப்பத்தெட்டுத் தோட்டம் ஒரே புள்ளியில் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறதே, ஒரு மனுஷன் கண்ணால் பார்த்திருந்தால் தெரிந்திருக்காதா? அந்த ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் கத்தினேன்.

“பாக்கறதுக்குன்னு யாரையும் போடலைங்கம்மா” என்றார் மெதுவாக.

பிறகு ஏதோ தட்டினார். ராசாத்தியின் முகம் திரையில் வந்தது. சிவப்பு வட்டத்தின் மேல் ஒரு தட்டு. பச்சை. முடிந்தது என்றார். இருமி முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. முன்னால் சிவப்பாக இருந்தது தப்பு என்று எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டேன். அப்படிப் போடுகிற வசதி இல்லையாம். இனிமேல் பார்ப்பவர்களுக்கு அவள் எப்போதுமே பச்சையாக இருந்தது மாதிரிதான் தெரியுமாம். நல்ல செய்தி சொல்வது போலத்தான் சொன்னார்.

நல்லா இருக்கிறதப்பா உங்கள் நியாயம். சிவப்பாக்கியதை ஊரே படமெடுத்து வைத்திருக்கிறது. பச்சையாக்கியது யாருக்குத் தெரியும்? எனக்குக் கடிதம் வேண்டும் என்றேன். தப்பு நடந்தது, இன்னார் பொறுப்பு என்று பேரும் கையெழுத்தும் போட்ட கடிதம். அதைப் பள்ளிக்கூடத்தில் ஒட்ட வேண்டும். அவர் தலையைத் தடவிக்கொண்டார். கடிதம் என்றால் வக்கீல்கள் பார்க்க வேண்டும், அவர்களும் தப்பு என்ற வார்த்தையைப் போட விடமாட்டார்கள், தகவல் புதுப்பிக்கப்பட்டது என்றுதான் வரும், யார் பேரும் இருக்காது என்றார். அப்படியானால் நான் இங்கேயேதான் இருப்பேன் என்றேன். மதியம் இரண்டாகிவிட்டது. யாரும் சாப்பிடவில்லை. லதா இந்த முறை எனக்காக வெட்கப்படவில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

கார்த்திகேயன் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டுத் திரும்பி வந்தார். கடிதம் கிடைக்காது, ஆனால் அந்த அம்மாவிடம் நானே பேசுகிறேன் என்றார். சரி என்று ராசாத்திக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். பள்ளிக்கூடம் தொட்டி மேட்டை ஒட்டியிருப்பதால் அங்கே சிக்னல் உண்டு. பாத்திரங்கள் உருளுகிற சத்தம் கேட்டது.

“அம்மா, நான் புனேயிலிருந்து பேசறனுங்க. தப்பு எங்க பக்கம்தானுங்க. அது உங்க மரத்துத் தழையே இல்லீங்க. உங்க தழையில மருந்து இல்லைங்க” என்றார் கார்த்திகேயன். அந்த ஆள் அதைச் சொல்வதற்கு மேலே அனுமதி வாங்கினாரா, வாங்காமலே சொன்னாரா, எனக்குத் தெரியாது.

பாத்திரச் சத்தம் நின்றது.

“எந் தழையில மருந்து இல்லீன்னு எனக்குத் தெரியுமுங்க சாமி. பக்கத்துல மகேசக்கா இருக்குதா? குடுங்க” என்றாள் ராசாத்தி.

மகேசக்கா நான்தான். சொல்லுடி என்றேன். பச்சையாகிவிட்டதடி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

“அக்கா, அவங்க என்னையக் கண்டதில்ல. பொட்டியில செவப்பு வந்துச்சு, போட்டுட்டாங்க. எந் தோட்டத்துக்கும் உந் தோட்டத்துக்கும் நடுவுல ஒரு வரப்புதான். நீ எந் தழையப் பறிச்சுட்டுப் போயிக் கொழம்பு வெச்சவ. நான் மருந்து அடிச்சிருந்தா உன்ற மூக்குக்குத் தெரியாதா? நீ எதுக்குக்கா மொதக் கையெழுத்துப் போட்டே?”

நாலு நாளாக டிரைவரிடமும், வரவேற்புப் பெண்ணிடமும், ஜாதவிடமும், கார்த்திகேயனிடமும் ஓயாமல் பேசிய வாய் இது. செயலி சொன்னதடி என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் இந்த ஹாலில் இருக்கிறவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவள் தோட்டத்துக்கு என் வீட்டிலிருந்து முந்நூறு அடி. நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

“தப்புதான்டி ராசாத்தி” என்றேன்.

“எங்கிட்டச் சொல்லி என்ன பண்றது? பள்ளிக்கூடத்து வாசல்ல நின்னு, அந்தப் பொம்பளைங்ககிட்டச் சொல்லு” என்றாள். போனை வைத்துவிட்டாள். பாத்திரம் கிடந்திருக்கும்.

லதா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள், அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கார்த்திகேயன் எதிர் மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வக்கீலெல்லாம் வேண்டாம், கம்பெனி பேரில் எழுத முடியாது, என் பேரில் நானே எழுதித் தருகிறேன், தமிழ் எழுதி ரொம்ப வருஷமாகிறது, தப்பிருந்தால் சொல்லுங்கள் என்றார். முப்பத்தெட்டுப் புள்ளிகளும் ஒரே இடத்தில் இருந்ததைச் சரிபார்க்காதது என் பொறுப்பு என்று ஆரம்பிக்கட்டுமா என்று கேட்டார்.

நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“அது ரெண்டாவதா இருக்கட்டும் தம்பி. மொதல்ல என் பேரை எழுதுங்க. மகேஸ்வரி, குழுத் தலைவி. தோட்டத்துக்குப் போயிப் பாக்காம கையெழுத்துப் போட்டது நான்னு எழுதுங்க.”

எழுதினார். பேனாவை வாங்கி, அவர் போடுவதற்கு முன்பே நான் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.